கடைசி இடத்தில் இருந்த நாடு

எந்த நாடு ரொம்ப மட்டம் என்று எங்கள் அறையில் ஏறக்குறைய இரண்டு வருடம் வாக்குவாதம் நடந்தது. உலகப் படத்தில் இருக்கும் நாடுகளைச் சொல்லவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வீடியோ கேம் பெட்டிக்குள் இருந்த மூன்று நாடுகள் அவை. புல்லுக்குள் நடந்தால் விதவிதமான பிராணிகள் குறுக்கே வரும். அவற்றைப் பந்துக்குள் பிடித்து வளர்த்து, ஊர் ஊராகப் போய்ச் சண்டைக்கு விட வேண்டும். அதுதான் விளையாட்டு. ஒரு கேசட்டுக்கு ஒரு நாடு. வாக்குவாதம் எனக்கும் என் மனைவிக்கும். அதற்கு முன்பு எங்களுக்குள் வாக்குவாதம் என்பதே கிடையாது. பேச்சு இருந்தால்தானே வாக்குவாதம்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் நான் ரூம் பாய். அப்போதே முப்பதைத் தாண்டிவிட்டேன், ஆனாலும் பாய்தான். படிப்பு பத்தாவது. பிறருடன் பேசுவது சின்ன வயதிலிருந்தே எனக்கு வராது. வெள்ளைக்காரர்கள் அதிகம் வந்து தங்கும் இடத்தில் அது ஒரு வசதி. தலையை ஆட்டினால் போதும், மொழி தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அவள் எனக்குத் தூரத்து முறைப்பெண். பிளஸ் டூ படித்தவள், தையலும் கற்றவள். லாட்ஜுக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் கயிறு கயிறாகப் பெட்ஷீட்டுகள். அதற்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. பக்கத்து வீடு என்று எதுவும் இல்லை. காலையில் நான் போனால் சாயங்காலம்தான் வருவேன். அதுவரை அவள் காற்றில் ஆடும் பெட்ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை இல்லை. இதையெல்லாம் அவள் குறையாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எங்கள் லாட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. தங்கியவர்கள் மறந்துவிட்டுப் போகும் சாமானில் அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு வருடம் வைக்க வேண்டும். அதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் எடுத்தவனுக்கே. குடை, நீச்சல் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு என்று ஏதாவது வரும். சுனாமிக்கு அடுத்த வருடம், ஒரு வெளிநாட்டுக் குடும்பம் காலி செய்த அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துணிப்பை கிடந்தது. உள்ளே கேம் பெட்டி, கரண்டில் செருகும் ஒயர், மூன்று கேசட். சீட்டுக் கட்டி வைத்தேன். ஒரு வருடம் ஆனதும் மேனேஜர் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"இந்தாய்யா உன் சொத்து. வித்துடாத, நாளைக்குப் புள்ள பொறந்தா ஆவும்," என்றார்.

அறைக்குக் கொண்டுவந்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா மாமா இது, ரேடியோவா?"

"தெரியல."

"எத்த கேட்டாலும் தெரியல. குடு இங்க."

அவள்தான் ஒயரைச் செருகி, பொத்தானைத் தள்ளினாள். அதில் வந்த எழுத்துகள் ஆங்கிலம் போல இருந்தன, ஆனால் ஆங்கிலம் இல்லை. சில எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளி இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரு வரி புரியவில்லை. எந்த வரியை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டோம். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது எந்த வரி என்பதை அவள் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த நாடுகளில் வழியெங்கும் சண்டைக்காரர்கள் நிற்பார்கள். அவர்கள் பார்வையில் பட்டால் ஓடி வந்து மறித்து, ஏதோ சொல்லி, சண்டைக்கு இழுப்பார்கள். நான் விளையாடும்போது அவர்கள் திரும்பி நிற்கும் நேரம் பார்த்து முதுகுப் பக்கமாகப் போய்விடுவேன். அதனால் என் பிராணிகளுக்குப் பலமே ஏறவில்லை. அவள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்பாள்.

"வா, வா, உன்னியத்தான் தேடிக்கினு வந்தேன்," என்பாள் பெட்டியைப் பார்த்து. கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதல் நாடு பழைய நாடு. இருட்டுக் குகைகள், கல்லறைகள் நிறைந்த ஒரு கோபுரம், நடுரோட்டில் படுத்துத் தூங்கும் ஒரு பெரிய பிராணி. அதில் ஒரு துறைமுகம் உண்டு. அங்கே ஒரு கப்பல் நிற்கும். நாம் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கியதும் அது போய்விடும், பிறகு வராது.

"இந்தக் கப்பலு எங்க மாமா போவுது?"

"எங்கனா போவும்."

அந்தத் துறைமுகத்தில் ஒரு கிழவர் வீடு கட்டுவதற்காக ஒரு மனையைக் காலியாக வைத்திருப்பார். ஒரு தடியன் பிராணி அந்த மண்ணை மிதித்துக்கொண்டே இருக்கும். விளையாட்டு முடியும்வரை வீடு எழும்பாது. அவளுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். "கூடுவாஞ்சேரில பிளாட்டு வாங்கிப் போட்டவன் மாதிரியே கீறான் பாரு," என்பாள்.

மூன்றாவது நாட்டில் நிறங்கள் அதிகம். மழை பெய்யும், ஓர் இடத்தில் சாம்பல் கொட்டும். ஆனால் பாதி நாடு தண்ணீர். ஒரு பிராணியின் முதுகில் ஏறிக் கடலில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. கடல் அகலமானது. ஆட்கள் இருந்தாலும் ஒதுங்கிப் போக இடம் இருக்கும்.

மூன்று நாடுகளையும் வரிசைப்படுத்த, நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் அவள் கோடு போட்டாள். ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் நான் என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். முதல் இடத்துக்கு அவள் கவலைப்படவில்லை. கடைசி இடத்தைத்தான் முதலில் நிரப்ப வேண்டும் என்றாள்.

அவள் கணக்கில் மூன்றாவது நாடுதான் கடைசி. அவள் பார்த்ததெல்லாம் அங்கே குடியிருந்தால் எப்படி இருக்கும் என்பதை மட்டும்தான்.

"எங்க திரும்பினாலும் தண்ணி. ஒரு ஊருல நாலு வூடு, ஒரு கடை. ரேசன் கடை கூடக் கெடயாது. வேலைக்குப் போவணும்னா எங்க போவுறது? நம்ம ஊரு மாதிரியே கீது மாமா."

"நம்ம ஊருக்கு இன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்ல, நீ உன் பக்கம் எழுது," என்றாள்.

என் பக்கத்தில் கடைசி இடம் இரண்டாவது நாட்டுக்கு. அந்த நாட்டில் பகலும் இரவும் உண்டு. ஆட்டம் தொடங்கும்போதே மணி என்ன என்று கேட்கும். கோபுரங்கள், பழைய கட்டடங்கள், பார்க்க அழகான நாடு. ஆனால் எவ்வளவு தூரம் போனாலும், நினைவு வைத்துக்கொள் என்று எத்தனை முறை அழுத்தினாலும், பெட்டியை அணைத்துவிட்டால் எல்லாம் போய்விடும். மறுபடி போட்டால் மணி என்ன என்று முதலிலிருந்து கேட்கும். பிடித்த பிராணிகள் இல்லை, கடந்த ஊர்கள் இல்லை. மற்ற இரண்டு கேசட்டிலும் அப்படி இல்லை. அந்த நாட்டின் குணமே அதுதான் என்று நான் நம்பினேன். படிக்கத் தெரியாத மொழியில் அப்படித்தான் எழுதியிருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கஷ்டம் வைத்திருக்கிறார்கள், ஒன்றில் இருட்டு, ஒன்றில் தண்ணீர், இதில் மறதி.

அவள் அதை நம்பவில்லை.

"எவனாவது இப்படி ஒரு ஊரு செய்வானா? இதுல வேற இன்னாவோ கோளாறு. செங்கல்பட்டுல ரிப்பேர் கடைல காட்டிக் கேட்டுக்கினு வா மாமா."

"சரி."

ஆனால் நான் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை செங்கல்பட்டுக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் வாட்ச், ரேடியோ ரிப்பேர் செய்யும் கடை ஒன்று இருந்தது. கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதன் எதிரே நிற்பேன். தலை நரைக்கத் தொடங்கிய ஆள் பிள்ளைகள் விளையாடும் சாமானைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். கூட்டம் குறையட்டும் என்று நிற்பேன். கூட்டம் குறைந்ததும், இப்போது போனால் என்னை மட்டும்தானே பார்ப்பார்கள் என்று திரும்பிவிடுவேன்.

"கேட்டியா?"

"கடை மூடியிருந்தது."

இதற்கிடையில் அவள் அந்த நாட்டை விடவில்லை. அணைத்தால்தானே போகும், அணைக்காமலே வைத்திருந்தால்? கரண்டில் செருகியபடியே வைத்தாள். சமைக்கும்போதும் தூங்கும்போதும் பெட்டி எரிந்துகொண்டே இருக்கும். கரண்ட் போனால் பெட்டியில் ஏறிய சார்ஜ் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்குள் வராவிட்டால் எல்லாம் போகும். எங்கள் பக்கம் காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். ஒருமுறை ஒன்பது நாள் தொடர்ந்து போகாமல் இருந்தது. எரிந்துபோன கோபுரம் இருக்கும் ஊர்வரை போய்விட்டாள். பத்தாம் நாள் நான் வரும்போது அறை இருட்டாக இருந்தது. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்ததும் மறுபடி தொடங்கினாள். அப்படிப் பதினோரு தடவை.

அந்தச் சமயத்தில்தான் கூடுவாஞ்சேரியிலிருந்து அவளுடைய அண்ணன் ஒரு வேலை பற்றிச் சொல்லி அனுப்பினார். அவர் வீட்டுக்கு அருகே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் வேலை. அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். நான் நேரில் போய்த் தாளாளரைப் பார்த்து, வேலை வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அங்கே போய்விட்டால் அவளுக்கும் வழி உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் தையல் கம்பெனி வேன் காலையில் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் ஊருக்கு எந்த வேனும் வராது. அவள் அன்று மூன்று ஜாக்கெட் துணிகளை எடுத்து வெட்டி, கையாலேயே தைத்துப் பார்த்தாள். விரல் மறக்கவில்லை என்றாள்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ், அங்கிருந்து ரயில். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா வேணும் அண்ணாத்த?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

வாயில் வந்தது அதுதான். கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து, எதிர்ப்பக்கமாக ஒருமுறை நடந்து, ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அவளிடம் தாளாளர் ஊரில் இல்லை என்றேன். அடுத்த வாரம் மறுபடி போனேன். அன்று பள்ளிக்கூடம்வரை கூடப் போகவில்லை, கூடுவாஞ்சேரி பிளாட்பார பெஞ்சில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றேன். மூன்றாவது முறை, வேறு ஆள் போட்டுவிட்டார்களாம் என்று சொல்லிவிட்டேன். அவள் "போவட்டும் வுடு" என்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்தார். பெட்ஷீட்டுகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் காய்ந்ததை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நீ எந்த ஸ்கூலுக்குப் போன?"

"நீங்க சொன்னதுக்குத்தான்."

"அங்க உன்னிய யாருமே பாக்கலயாம். ரெண்டு மாசம் உனக்கோசரம் ஆளு போடாம வெச்சிருந்தாரு மனுசன். நேத்துதான் வேற ஆள எடுத்தாரு. என் மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. இன்னா மச்சான், புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் இருந்த பெட்ஷீட்டை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்து அதையும் மடித்தாள். அவர் போன பிறகுதான் பேசினாள். கோபமாக இல்லை.

"நீ ஆளுங்களுக்கு முதுகு பக்கமா போறவன்தான மாமா. எனக்குத் தெரியாதா?"

"இல்ல மே, அது வந்து..."

"ரிப்பேர் கடையும் மூடல, இல்ல?"

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு மாதம் கழித்துத் தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. அண்ணன் வீட்டில் தங்கி வேனில் போகப்போவதாகவும், வாராவாரம் வந்து போவதாகவும் சொன்னாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். முதலில் வாராவாரம் வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு சேர்ந்து அறை எடுத்துக்கொண்டாள். பொங்கலுக்கு வந்தாள். கேம் பெட்டியை எடுத்துப் போகவில்லை. நாள்காட்டித் தாளும் சுவரிலேயே இருந்தது.

அவள் போய் ஒரு வருடம் ஆன பிறகு அந்த ரிப்பேர் கடைக்குள் போனேன். ஏன் அன்று முடிந்தது என்று தெரியவில்லை. என்னைப் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியிருக்கலாம். கடைக்காரர் கேசட்டைத் திறந்து, கண்ணில் ஒற்றைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உள்ள பட்டன் செல்லு ஒண்ணு கீது அண்ணாத்த, வாட்ச்சுல போடுற மாதிரி. அதாலதான் இது எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும். கடியாரமும் அதுலதான் ஓடுது, அதனால சீக்கிரம் செத்துப்பூடும். அவ்ளோதான்."

"அப்ப விளையாட்டே அப்படி இல்லையா?"

"இன்னா விளையாட்டு? செல்லு செத்துப்போச்சுன்றேன்."

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் ஆனது.

இரண்டாவது நாடு அதற்குப் பிறகு எதையும் மறக்கவில்லை. நான் ஒருவனே விளையாடினேன். என் பழக்கத்தில் சண்டைக்காரர்களை ஒதுக்கிக்கொண்டு போனதால் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசிச் சண்டையில் எத்தனையோ தடவை தோற்று, ஒதுக்கி வந்தவர்களிடமெல்லாம் திரும்பிப் போய் நின்று, எப்படியோ ஜெயித்தேன். ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு கொடுத்தார்கள். கடற்கரை ஊரில் ஒரு கப்பல் நின்றது. ஏறினேன். இறங்கியபோது ஒரு துறைமுகம். நான்கு அடி நடந்ததும் ஒரு காலி மனை, பக்கத்தில் ஒரு கிழவர், மண்ணை மிதிக்கும் தடியன் பிராணி. அது முதல் நாடு. மூன்று நாடுகளில் இன்னொரு நாட்டுக்கு வழி வைத்திருந்தது இது ஒன்றுதான். இதைத்தான் நான் கடைசியில் எழுதியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கூடுவாஞ்சேரிக்குப் போனேன். லாட்ஜ் போனிலிருந்து பேசியபோது, அறையில் மற்ற பெண்கள் இருப்பதால் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றாள். கேம் பெட்டியோடு நாள்காட்டித் தாளையும் மடித்து எடுத்துப் போனேன். வழியெல்லாம் ஒரு வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நானும் இங்கேயே வந்துவிடட்டுமா என்ற வரி. லாட்ஜை விட்டுவிடலாம், எந்த வேலையானாலும் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன்.

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அன்றைக்குப் பொய்க்காக உட்கார்ந்திருந்த அதே பெஞ்ச். மெலிந்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. விரல்களில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. பையிலிருந்து பெட்டியை எடுத்தேன்.

"இன்னும் இத்த வெச்சிக்கினு கீறியா?"

"ரெண்டாவது நாட்ட ரிப்பேர் பண்ணிட்டேன். உள்ள ஒரு செல்லு செத்துப்போயிருந்தது."

"அப்ப ஊரு மேல தப்பு இல்ல."

"இல்ல."

"சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சு?"

"கால் மணி நேரம்."

 நிற்காத ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். துறைமுகத்தில் நடந்தாள். மனையைப் பார்த்ததும் நின்றாள்.

"மாமா, இது மொத நாடு!"

"கப்பல்ல வந்தேன்."

"அந்தக் கப்பலா?" கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "இன்னும் வூடு கட்டலயா அந்தாளு? அப்படியே மிதிச்சிக்கினு கீறான் பாரேன்."

நானும் சிரித்தேன். பழையபடி சத்தமான சிரிப்பு அது. அப்போது கேட்டிருக்கலாம். அந்த வரி வாயில் தயாராக இருந்தது. அவளும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த மாதிரிதான் தெரிந்தது.

"இன்னா மாமா, எதனா சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

அவள் தலையை ஆட்டினாள். நினைவு வைத்துக்கொள்ளும் வரியை மறக்காமல் அழுத்தி, அது முடியும்வரை பொறுத்திருந்து, பெட்டியை அணைத்துக் கொடுத்தாள். தண்ணீர் லாரி வரும் நேரம் என்று எழுந்தாள். படியேறி மேம்பாலத்தில் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நாள்காட்டித் தாளை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அறையில் அந்தப் பெட்டியை வைத்திருக்க முடியவில்லை. துணிப்பையில் போட்டு, தாளையும் உள்ளே வைத்து, லாட்ஜ் அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். அவள் என்றாவது கேட்டு வந்தால் அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். சீட்டில் எழுத அறை எண் வேண்டும். எங்கள் அறைக்கு எண் கிடையாது. வெறும் சீட்டைக் கட்டினேன்.

ஒரு வருடம் ஆனதும் மேனேஜர் கூப்பிட்டார்.

"இது ஏற்கெனவே உன்னுதுதானய்யா?"

யாரும் கேட்டு வரவில்லை. வழக்கப்படி எடுத்துக்கொண்டு வந்தேன்.